கவுட் மாத்திரையோடு டெல்டாவுக்குப் போகிறவர்களுக்கு

மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வீங்கும் கவுட் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட், கால்சிசின் என்று மருந்தின் பொதுப்பெயர் அதில் இருக்கட்டும். வெளிநாட்டு பிராண்டுப் பெயரை வைத்துக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் ஒன்றும் செய்ய முடியாது.

மார்கழிப் பனியில் எனக்கு இருமல் பிடித்தது. சித்தப்பா சைக்கிளில் போய், டாக்டர் சீட்டு இல்லாமலே கிளாரித்ரோமைசின் அட்டை ஒன்றை வாங்கி வந்தார். நான் கால்சிசின் சாப்பிடுவதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். "இரண்டும் ஒன்றும் செய்யாது" என்றாராம் கடைக்காரர். "எப்போதோ வருகிறாய், நான் சொல்வதைக் கேள்" என்று வெந்நீர் டம்ளரோடு எதிரில் நின்றார் சித்தப்பா. நான் இல்லாத நாளெல்லாம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் அவர்தான். அவரிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது? இரண்டொரு நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு. கால் தசைகள் துவண்டு, தஞ்சாவூரில் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆனது. கால்சிசின் உடலைவிட்டு வெளியேறும் வழியை அந்த ஆன்டிபயாடிக் அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் அளவு ஏறி மருந்தே நஞ்சாகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உயிரே போகலாம். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகளும், பிரஷருக்குத் தரும் வெராபமிலும் டில்டியாசெமும் இதையேதான் செய்யும். கால்சிசினோடு கொழுப்புக்கு ஸ்டாட்டினும் சாப்பிடுகிறவர்கள் தசைவலி கண்டால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் செங்காந்தளில் இருப்பதும் இதே கால்சிசின்தான். கிழங்கு கொடிய விஷம். மூட்டுவலிக்கு அரைத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

விருந்தில் நண்டும் நெத்திலியும் ஆட்டு ஈரலும் இலையில் விழுந்துகொண்டே இருக்கும். கையால் இலையை மறையுங்கள். மச்சான் நீட்டும் பீர் வேண்டவே வேண்டாம். கும்பகோணம் காபிக்குத் தடையில்லை. வெயிலில் அலைந்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். கால் வீங்கிவிட்டதென்று, தினமும் சாப்பிடும் அலோபியூரினாலை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் "வெளிநாட்டு மாத்திரை இரண்டு கொடேன்" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, உடல் அதை ஒதுக்கிவிடாமலிருக்க அசாதயோபிரின் சாப்பிடுகிறவர் அலோபியூரினாலையும் சேர்த்து விழுங்கினால், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியே முடங்கிவிடும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.