"கொள்ளாம்" என்று எழுந்து போகிறவரிடம் பேச்சு வாங்குவது எப்படி? படம் பார்த்தவர்களின் கருத்தை எழுத ஒரு செய்முறை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சொல் உண்டு: கொள்ளாம். சாப்பாடு கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம், படம் கொள்ளாம். குரலை ஏற்றிச் சொன்னால் பிரமாதம். இழுத்துச் சொன்னால் பரவாயில்லை. உதட்டைச் சுழித்துச் சொன்னால் தண்டம். எழுத்தில் போட்டால் மூன்றும் ஒன்றுதான். குமரி மாவட்டத்தில் படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டு எழுத உட்காருகிற எவரும் முதலில் இந்தச் சொல்லில்தான் முட்டிக்கொள்வார். நானும் முட்டிக்கொண்டேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்க்கிறோம். பார்த்த பிறகு அவர்கள் சொன்னதை நான் எழுதி வைப்பேன். காமிக்ஸிலிருந்து எடுத்த படங்களைப் பார்க்கத் தொடங்கியபோது 2001இல் வந்த 'ஃப்ரம் ஹெல்' மாட்டியது. லண்டனில் நடந்த பழைய கொலைகள், அதை வைத்து ஒரு காமிக்ஸ், அதை வைத்து ஒரு படம். மூன்றடுக்கு. புதிதாக எழுதிப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது என்பதால் அந்த இரவையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கொலையாளி யார் என்பதும் இதில் வந்துவிடும். படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. ஆள் சேர்ப்பது

ஒரே மாதிரி ஆட்களைக் கூட்டினால் ஒரே மாதிரிதான் பேச்சு வரும். காமிக்ஸைப் படித்தவர் ஒருவராவது வேண்டும், வரலாறு தெரிந்தவர் ஒருவர் வேண்டும், மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் வந்தால் நல்லது. எங்களிடம் காமிக்ஸ்காரர் ஒருவர் இருக்கிறார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற ஆள். அப்புறம் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், மெக்கானிக் அண்ணன், பக்கத்து வீட்டு மாமி, கல்லூரியில் படிக்கும் அவர் மகள், இன்னும் இரண்டு மூன்று பேர்.

இது பெரியவர்களுக்கான படம். ரத்தம் உண்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்று, வீட்டுக்குள் வேண்டியவர்களோடு பார்ப்பது வேறு, நோட்டீஸ் ஒட்டி ஊரைக் கூட்டித் திரையிடுவது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

தேயிலைத் தண்ணியும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் இருந்தால் கூட்டம் கலையாது. மழைக்காலத்தில் மாடியை நம்பாதீர்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

2. மூன்று பத்தி போட்ட ஒரு தாள்

படம் போடும் முன் நீங்கள் மட்டும் செய்துகொள்ள வேண்டிய வீட்டுப்பாடம் இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு கேட்ட கருத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். நடந்தது, வரைந்தது, எடுத்தது.

நடந்தது: 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை லண்டனின் வைட்சேப்பலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. ஸ்ட்ரைட்டும் எடோஸும் ஒரே இரவில், செப்டம்பர் 30 அதிகாலையில். ஐந்தும் ஒரே கை வேலை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆள் அகப்படவே இல்லை. 'ஜாக் தி ரிப்பர்' என்பது பெயர் தெரியாதவனுக்கு வைத்த பெயர். அக்டோபரில் அந்தப் பகுதிக் காவல் குழுவின் தலைவர் ஜார்ஜ் லஸ்க்குக்கு அரைச் சிறுநீரகத்தோடு ஒரு கடிதம் வந்தது. அதன் தலைப்பில் 'ஃப்ரம் ஹெல்', அதாவது 'நரகத்திலிருந்து' என்று இருந்தது. காமிக்ஸின் பெயரும் படத்தின் பெயரும் அங்கிருந்து வந்தவை.

வரைந்தது: ஆலன் மூர் எழுத, எடி கேம்பெல் வரைந்தார். 1989இல் தொடராகத் தொடங்கி, முடிய பல ஆண்டுகள் ஆயின. கறுப்பு வெள்ளை, பேனாக் கீறல், 500 பக்கத்துக்கு மேல். அரச குடும்பத்தின் மருத்துவர் வில்லியம் கல் (Gull) என்பவர்தான் கொலையாளி என்று 1976இல் ஸ்டீபன் நைட் எழுதிய புத்தகத்தின் ஊகத்தைக் கதைக்கு எடுத்துக்கொண்டார் மூர். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. அந்த மருத்துவருக்குக் கொலைகள் நடந்தபோது 71 வயது, முந்தின வருடம்தான் பக்கவாதம் வந்திருந்தது. எது உண்மை, எது தன் சரக்கு என்று மூரே பின்னிணைப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டியது: காமிக்ஸ் கொலையாளியை மறைப்பதில்லை. ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது.

எடுத்தது: ஹியூஸ் சகோதரர்கள் இருவர் இயக்கினார்கள், பிராக் நகருக்கு வெளியே வைட்சேப்பல் தெருவைக் கட்டிப் படமெடுத்தார்கள். இரண்டு மணி நேரம். வழக்கைத் துப்பறியும் போலீஸ் அதிகாரி ஆபர்லைனாக ஜானி டெப். கொலையாளி யார் என்பதைக் கடைசி வரை மூடி வைத்தார்கள்.

இவ்வளவு போதும். இந்தத் தாளைப் பார்வையாளர்களிடம் காட்டாதீர்கள். காட்டினால் அவர்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

3. படத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி

"என்ன எதிர்பார்த்து உட்காருகிறீர்கள்?" ஆளுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் "கொலைகாரன் யாருன்னு நான் இடைவேளைக்குள்ள கண்டுபிடிப்பேன்" என்றார். காமிக்ஸ்காரர் "எனக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். மாமி, "பேய்ப்படமா மக்கா?" இந்த மூன்று வரியும் பின்னால் எவ்வளவு உதவின என்று பிறகு தெரியும்.

4. ஓடும்போது வாயைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள்

பின்னால் உட்காருங்கள். சிரிப்பு, 'ச்சே', போனை எடுப்பது, எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது, எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். இருட்டில் எழுதினால் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. இரண்டு குறிப்பை மட்டும் காட்டுகிறேன்.

கொலையாளி அந்தப் பெண்களுக்குத் திராட்சை கொடுப்பான். கொலை நடந்த இடத்தில் திராட்சைக் காம்பு கிடைக்கும், ஏழைகள் தின்கிற பண்டமில்லையே என்று ஆபர்லைன் யோசிப்பார். அந்த இடத்தில் மெக்கானிக் அண்ணன் முன்னால் சாய்ந்தார். என் நோட்டில் 'அண்ணன், திராட்சை, சாய்ந்தார்' என்றுதான் இருக்கிறது. முடிந்ததும் அதை வைத்தே கேட்டேன். "ரோட்டோரத்துல நிக்கிறவளுக்கு ஒருத்தன் வண்டியில வந்து திராட்சை நீட்டுறான். பசி இல்லாதவளா இருந்தா சந்தேகப்பட்டிருப்பா" என்றார். படத்தைப் பற்றி அன்று வந்த நல்ல வாக்கியங்களில் ஒன்று அது. "படம் எப்படி அண்ணா?" என்று கேட்டிருந்தால் கொள்ளாம் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்திருப்பார்.

கடைசியில் ஆபர்லைன் அபின் மயக்கத்திலேயே செத்துக் கிடக்க, கூட இருந்த அதிகாரி கண்கள் மேல் இரண்டு நாணயங்களை வைப்பார். மாமி அந்த நேரம் கையை எடுத்துத் தன் நெற்றியைத் தொட்டார். கேட்டபோது, "அவியளுக்கு கண்ணுல, நமக்கு நெற்றியில. காசு ரெண்டு இடத்துலயும் வேணும் பாத்தியா" என்றார்.

5. பேச விடும் வரிசை

நான் சொதப்பியது இங்கேதான். முந்தைய மாதம் வேறொரு படம் முடிந்ததும் மரியாதைக்காக முதலில் வாத்தியாரிடம் கேட்டேன். சார் பத்து நிமிடம் பேசினார், நன்றாகத்தான் பேசினார். அடுத்து கேட்ட ஆறு பேரும் "சார் சொன்னதுதான்" என்றார்கள். ஒரு மாலை முழுக்கப் போய் ஒரு கருத்துதான் மிஞ்சியது.

இப்போது விளக்கைப் போட்டதும் முதலில் ஆளுக்கு ஒரு துண்டுத் தாளும் பேனாவும். "படத்தில் இன்னும் கண்ணுக்குள் நிற்கிற ஒரு இடம்" என்று மட்டும் எழுதச் சொல்கிறேன். எழுத வராதவர்கள் என் காதில் சொல்லலாம். தாளை வாங்கிய பிறகுதான் பேச்சு, அதிலும் வயதில் சின்னவர் முதலில். சாரிடம் காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கேள்வியும் 'பிடித்ததா' என்று இருக்கக் கூடாது. எங்கே அலுத்தது, யார் மேல் கோபம் வந்தது, எந்த இடத்தில் நம்பவில்லை, இப்படிக் கேளுங்கள். மாமியின் மகள் கடைசிக் கேள்விக்குச் சொன்ன பதில்: "ஊரே சேறு. எல்லாருக்கும் பல்லுல கறை. கதாநாயகி மட்டும் இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கா."

6. எந்தக் கருத்து எந்தப் பத்தியில்?

மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொரு கருத்தையும் அந்த மூன்று பத்தித் தாளில் பொருத்துங்கள். திராட்சையும் பல்லும் படத்தைப் பற்றியவை. அவற்றுக்குக் காமிக்ஸும் வேண்டாம், வரலாறும் வேண்டாம். வாத்தியார், உண்மையான ஆபர்லைன் அபினில் சாகவில்லை, 1892இல் ஓய்வு பெற்று 1929 வரை வாழ்ந்தார் என்றார். இது நடந்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் உள்ள சண்டை. காமிக்ஸ்காரரின் புகார், பருத்த நடுவயது ஆபர்லைனை அழகான கனவுக்காரன் ஆக்கிவிட்டார்கள் என்பது. காமிக்ஸில் வேறொருவருக்கு உரிய ஞானதிருஷ்டியைத் தூக்கி இவர் தலையில் கட்டிவிட்டார்கள். இது வரைந்ததற்கும் எடுத்ததற்கும்.

புகாரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேரி கெல்லியைப் படம் தப்பிக்க வைத்துக் கடலோரத்தில் குடிவைத்துவிட்டது, வியாபார முடிவு என்று அவர் கொதித்தார். காமிக்ஸிலேயே கடைசியில் அயர்லாந்தில் மகள்களோடு ஒரு பெண்ணைக் காட்டி அந்தச் சந்தேகத்தை மூரும் விட்டுவைத்திருக்கிறார். புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன். "அது சந்தேகம், இது முடிவு" என்றார். சரி, அதுவும் நியாயம்தான், அதையும் எழுதிக்கொண்டேன்.

எந்தப் பத்தியிலும் அடங்காத கருத்து ஒன்று வந்தால் விட்டுவிடாதீர்கள். அன்று வந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடி ஆமா போடுகிறவர். கோயில் கொடைகளில் விடிய விடிய உட்கார்ந்து 'ஆமா' சொல்லியே பழகியதாலோ என்னவோ, படம் முழுக்க அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே வெற்றிடம். கொலையாளியைப் படம் மறைத்தது சரியா தப்பா என்று காமிக்ஸ்காரரும் மெக்கானிக் அண்ணனும் மல்லுக்கு நிற்க, இடையில் ஒருவர் "சவத்த விடுங்கப்பா" என்றார். கொலைப்படத்துக்கு அந்த வார்த்தை வந்து விழுந்ததில் எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் ஆமா போடுகிறவர் வாயைத் திறந்தார்.

"முத்துப்பட்டன் சாவான்னு தெரியாமலா ஊரு வந்து உக்காருது? நீலியக் கொன்னவன் யாருன்னு முதல்லயே பாடிருவோம். யாரு கொன்னான்னு தேடுறதுக்கு இல்ல கதை. செத்தவளுக்கு என்ன செஞ்சோம்னு கேக்கத்தான். இதுல அஞ்சு பேரு செத்துருக்கா, ஒருத்தி பேரு கூட எனக்கு நிக்கல."

வில்லுப்பாட்டில் வருகிற முத்துப்பட்டன், நீலி போலக் கொலைப்பட்டவர்களைப் பீடம் போட்டுக் கும்பிடுகிற ஊரில் இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். காமிக்ஸ்காரர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முன்பக்கத்தைத் திறந்து நீட்டினார். அந்த ஐந்து பெண்களின் பெயரையும் எழுதி, அவர்களுக்குத்தான் புத்தகத்தைக் காணிக்கை ஆக்கியிருக்கிறார்கள். வாத்தியார் ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஆமா போடுகிறவர் பழக்க தோஷத்தில் மெல்ல 'ஆமா' போட்டார்.

இந்தக் கருத்துக்காகத் தாளில் நான்காவதாக ஒரு பத்தி போட்டேன், 'கொண்டுவந்தது' என்று. பார்க்கிறவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மாமியின் நெற்றிக் காசையும் அங்கே மாற்றினேன். நீங்கள் முதலிலேயே நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

7. எழுதுவது

பேர் போடாதீர்கள், 'மாமி', 'மெக்கானிக் அண்ணன்' போதும். எல்லாரும் ரசித்தார்கள் என்று மொத்தமாக எழுதாதீர்கள். எட்டுப் பேர் பார்த்தால் எட்டுப் பேர் என்றே எழுதுங்கள். கொலையாளி பெயர் வருமானால் மேலேயே எச்சரித்துவிடுங்கள். பேச்சைப் பேச்சாகவே விடுங்கள், ஆனால் வாசிக்கிறவர் தடுக்கி விழும் அளவுக்கு வட்டார வழக்கைக் கொட்ட வேண்டாம்.

வெளியிடும் முன் பேசியவரிடம் அவர் சொன்னதை மட்டும் படித்துக் காட்டுங்கள். மெக்கானிக் அண்ணன் கேட்டுவிட்டுக் "கொள்ளாம்" என்றார், ஏற்றிய குரலில். மாமி மட்டும் ஒரு திருத்தம் சொன்னார். "நெத்தின்னு போடாத மக்கா, நெற்றின்னு போடு. நாலு பேரு படிப்பாவ." மேலே பாருங்கள், மாற்றிவிட்டேன்.