நாள் தள்ளிப்போனதை மறைக்கும்போது நடக்கும் தவறுகள்

"மிஸி, டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னா போலீசுக்குப் போன் பண்ணிடுவாங்களா?"

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் கிளினிக்கின் கவுண்டரில் இருந்த காலத்தில், கருக்கலைப்பைப் பற்றி என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. மிஸி என்றால் இங்கே நர்ஸ். கேட்டவர்களில் பாதிக்கு மேல் கல்யாணமானவர்கள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. கருக்கலைப்பு ஏதோ வழி தவறிய சின்னப் பெண்கள் சமாசாரம் என்று நினைப்பதே முதல் தவறு. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் 1989-ல் அதில் விலக்கு சேர்த்தார்கள். கலைப்பதைவிடக் கர்ப்பம் தொடர்வதுதான் தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ அதிக ஆபத்து என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால், அவர் கலைக்கலாம். மனநலமும் அந்தக் கணக்கில் உண்டு. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. டாக்டர் கேள்வி கேட்பார், காரணத்தை எழுதுவார். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து கேட்பார்கள். ஒரு டாக்டர் முகத்தைச் சுளித்தால் இன்னொருவரிடம் போகலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தனக்குத்தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் அதே பிரிவு சேர்த்தே பேசுகிறது. போலீசுக்குப் பயந்து போனில் மாத்திரை வாங்குகிறவள்தான் அந்த விலக்குக்கு வெளியே போய் நிற்கிறாள்.

அடுத்தது காத்திருப்பது. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளுருண்டை என்று வீட்டு வைத்தியத்தில் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். இவை எதுவும் கருவைக் கலைக்கும் என்று நம்ப முடியாது. வாரக் கணக்கோ நிற்காது. உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நாள் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போதே 4 வாரம் முடிந்திருக்கும். தேதியை எங்காவது குறித்து வையுங்கள், காலண்டரில் ஒரு புள்ளி போதும்.

போன் மாத்திரைக்கு வருகிறேன். ஒருமுறை ஒரு பெண் டிஷ்யூவில் மடித்து எடுத்து வந்தாள். சிறிய ஜிப் பிளாஸ்டிக்கில் வெள்ளை மாத்திரை மூன்று. அட்டை இல்லை, பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஒன்று முனை உடைந்து மாவாகக் கொட்டியது. இந்த நாட்டில் பதிவான மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். இரண்டில் ஒன்றுகூட அதில் இல்லை. கருக்கலைப்புக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவைதான். மருந்து கெட்டதில்லை. பிளாஸ்டிக்கில் இருப்பது அந்த மருந்துதானா, எத்தனை மில்லிகிராம், உங்கள் வாரத்துக்குப் பொருந்துமா என்பதற்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

ஸ்கேன் பார்க்காமல் விழுங்குவதில் இதைவிட மோசமான ஆபத்து ஒன்று இருக்கிறது. நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கும். கலைக்கும் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. இரத்தம் மட்டும் கொஞ்சம் வரும், 'போய்விட்டது' என்று நினைத்து நிம்மதியாகப் படுப்பார்கள். உள்ளே குழாய் வெடித்தால் உயிர் போகும். அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சி.

அங்கே போனதும் "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை, எப்போது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கலைப்புக்குப் பிறகு இரத்தம் வருவது இயல்பு, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு வரலாம். எவ்வளவு வந்தால் பயப்பட வேண்டும்? பெரிய பேட், மணிக்கு 2 என்று தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாளுக்கு மேல் நிற்காத காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, இவையும் அப்படித்தான்.

பத்தியத்தில் நம் வீட்டுப் பெரியவர்களோடு நான் சண்டை போட்டது தண்ணீருக்காகத்தான். இரத்தம் போன உடம்புக்கு "தண்ணி குடிச்சா வயிறு ஊதிப்போகும்" என்று ஒரு கிளாஸோடு நிறுத்திவிடுவார்கள். நன்றாகக் குடிக்க வேண்டும். முருங்கைக்கீரை, ஈரல், முட்டை எல்லாம் சரி. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரே என்ற பால் தேநீரில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தேயிலை அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறும் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ குடியுங்கள், தேயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாயான் லெப்பாஸ் பேக்டரிப் பெண்கள் மறுநாளே நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். 98 நாள் பிரசவ விடுப்பு, கர்ப்பம் 22 வாரத்தைத் தாண்டியிருந்தால்தான். அதற்கு முன்பு என்றால் எம்சிதான், அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று. கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த கர்ப்பம் இப்போதைக்கு வராது என்பதும் தப்புக் கணக்கு. இரண்டு வாரத்துக்குள்ளேயே கருமுட்டை வெளிவரலாம். ஊசியா, இம்பிளாண்டா, மாத்திரையா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மனசு விஷயத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் தவறு செய்கிறோம். "பாவம் பண்ணிட்டே, ஆயுசுக்கும் நிம்மதி இருக்காது" என்று ஒரு அத்தை. "அதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன அழுகை" என்று இன்னொரு அத்தை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 1,000 பெண்களை 5 வருடம் பின்தொடர்ந்தார்கள். கருக்கலைப்பு கிடைத்தவர்கள் அதனால் மனநோயாளி ஆகவில்லை. கேட்டும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் பதற்றம் அதிகம் இருந்தது. கலைத்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல், 5 வருடம் கழித்தும், அது சரியான முடிவுதான் என்றார்கள்.

சரியான முடிவு எடுத்தவளுக்கும் அழுகை வரும். ஆசையாகச் சுமந்த பிள்ளையை நோய்க்காகக் கலைக்க வேண்டி வந்தவளுக்கு அது சாவு வீடுதான். மாமியாரோ காதலனோ கட்டாயப்படுத்தியவளுக்கு, முன்பே மனச்சோர்வு இருந்தவளுக்கு, யாரிடமும் சொல்ல முடியாதவளுக்கு இன்னும் கூடுதல் பாரம். இரண்டு வாரம் கழித்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகள் கூப்பிடுவது காதில் விழவில்லை என்றால் கிளினிக்குப் போய்ச் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் இரண்டு வாரம்கூட வேண்டாம், அப்போதே பெஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, அல்லது சுகாதார அமைச்சின் ஹீல் 15555. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் தாலியான் காசே 15999. பரிகாரம் செய்ய ஆசைப்பட்டால் செய்துகொள்ளுங்கள், அது உங்கள் மனசு. சாமியார் சொன்னார் என்று டாக்டர் கொடுத்த ஆண்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

கணவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. பில் கட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. லாரி ஓட்டுகிறவர், அழுக்கு யூனிபாரத்தோடு கவுண்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து மெல்லக் கேட்டார்.

"மிஸி, இன்னைக்கு ராத்திரி அவளுக்கு ரசம் வைக்கலாமா? எனக்கு அது ஒண்ணுதான் வைக்கத் தெரியும்."

"தாராளமா வைங்க அண்ணே. மொளகு மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க."