அந்தமானுக்கு எந்தத் தூண்டிலைக் கொண்டுபோவது? முதல் ராடு வாங்குகிறவர்களுக்கு

ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது பெயர் சுவராஜ் தீவு) முதல் தடவை நான் கொண்டுபோனது, பழைய ரேடியோ ஆண்டெனா மாதிரி இழுத்தால் நீளுகிற டெலஸ்கோப்பிக் ராடு. மடக்கினால் ஒரு முழம்தான், கடையில் பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் கணுக்களுக்குள் மணல் புகுந்து மடக்க முடியாமல் போய், நீட்டிய கம்போடு ஆட்டோவில் ஏறி, ராத்திரி குளியலறையில் வெளிக்கணு மேல் வெந்நீர் ஊற்றித் திருகித் திருகி ஒருவழியாக உள்ளே தள்ளினேன். அந்தப் பாடத்தை நீங்களும் படிக்க வேண்டாம்.

படி 1: முதலில் பெட்டியை அளந்து பாருங்கள்

ராடைப் பார்க்கும் முன் டேப்பை எடுத்துப் பெட்டியின் உள்பக்கத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். உள்ளே 60க்கு 40 செ.மீ. இருக்கிற பெட்டியில் குறுக்கே சுமார் 72 செ.மீ. கிடைக்கும். நான்கு துண்டாகக் கழற்றுகிற 7 அடி ராடின் ஒரு துண்டு ஏறக்குறைய 56 செ.மீ., 8 அடி என்றால் 64 செ.மீ. வரும், இரண்டுமே உள்ளே போய்விடும். கையில் வைத்துக்கொள்கிற பையில் ராடு வேண்டாம், தூண்டில் முள்ளும் வேண்டவே வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். எல்லாம் செக்-இன் பெட்டிக்குள், ராடு ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்.

படி 2: நீட்டுவதா, கழற்றுவதா

என் ஓட்டு நான்கு துண்டு ராடுக்கு. மணல் ஒட்டினாலும் இணைப்பைத் துடைத்துவிட்டு மாட்டலாம், வளைவும் சீராக இருக்கும், மீன் கடிப்பது கைக்கு நன்றாகத் தெரியும். டெலஸ்கோப்பிக்தான் வேண்டும் என்றால் நீட்டும்போது நுனியிலிருந்து ஆரம்பியுங்கள், மடக்கும்போது அடிக்கணுவிலிருந்து. மணலில் படுக்க வைக்காதீர்கள்.

படி 3: நீளமும் பலமும்

கரையில் நின்று வீச 7 முதல் 8 அடி போதும். ஹேவ்லாக்கில் விஜய் நகர், கோவிந்த் நகர் பக்கம் வற்றத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். அந்த நேரத்தில் வீசினால் மீன் சிக்குவதைவிட முள் பாறையில் சிக்குவதுதான் அதிகம். நீர் ஏறத் தொடங்கிய பிறகு போங்கள். ராடு கொஞ்சம் நீளமாக இருந்தால் நரம்பை (தூண்டில் நூலை) பாறைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும் வசதி.

கைப்பிடிக்கு மேலே ராடில் ‘10–30 கிராம்’ என்பதுபோல் எழுதியிருக்கும். எவ்வளவு எடையைக் கட்டி வீசலாம் என்பதற்கான அளவு அது. சின்னப் பாறை மீன், விளமீன், ஊளி மாதிரியானவற்றுக்கு ‘மீடியம்’ பலத்தில், 10 முதல் 30 அல்லது 15 முதல் 40 கிராம் தாங்குகிற ராடு சரியாக இருக்கும். ஆள் உயரப் பாறை மீன் படங்களைப் பார்த்துவிட்டு கனமான ராடு வாங்கிவிடாதீர்கள், அது படகில் போய்ப் பிடிக்கிற மீன், அதற்கான ராடு படகுக்காரரிடமே இருக்கும்.

இன்னொன்று: கார்பன் ராடு எடை குறைவு, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே வீசக் கூடாது, இடி கேட்டால் கீழே வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும்.

படி 4: கடையில் செய்ய வேண்டியது

முழுதாக மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து பார்த்தால் நரம்பு ஓடுகிற வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். அப்புறம் காது குடைகிற பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. வளையச் சட்டம் துருப்பிடிக்காத எஃகுதானா என்றும் கேளுங்கள், உப்புக்காற்று மலிவான இரும்பை விட்டுவைக்காது.

படி 5: ரீலும் நரம்பும்

நரம்பைச் சுற்றி வைக்க 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.30 அல்லது 0.35 மி.மீ. தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்) நரம்பு. பின்னல் நரம்பு இப்போதைக்கு வேண்டாம், சிக்கினால் பிரிப்பது பெரும்பாடு, விரலையும் கிழிக்கும். ஊளிக்குப் பல் கூர்மை என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: அங்கே போனதும்

வண்டூர் பக்கத்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா மாதிரியான இடங்களில் தூண்டில் போடக் கூடாது. மற்ற இடங்களில் அனுமதி வேண்டுமா என்று விடுதியிலோ மீன்வளத் துறையிலோ கேட்டுவிட்டே போங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கிற கரையிலும் அலையாத்திக் காட்டு ஓடைகளிலும் தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள், மீனைத் தண்ணீர் ஓரத்தில் கழுவவும் செய்யாதீர்கள்.

அறைக்குத் திரும்பியதும் ராடைத் துண்டு துண்டாகக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, இணைப்புகளில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள். ரீலைக் குழாயின் வேகத்தில் பிடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும், வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். குளியல் துண்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், மீன் வாடை ஊர் வரைக்கும் கூடவே வரும்.