வீட்டு வைஃபையில் வீடியோ கால் வெட்டாமல் ஓட: எஸ்க்யூஎம் அமைக்கும் முறை

ஒருவர் வீடியோ காலில் இருக்கும்போது இன்னொருவர் போன் படங்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் குரல் வெட்டுகிறதா? ரூட்டரில் டபிள்யூஎம்எம் (வைஃபையில் எதை முன்னால் அனுப்புவது என்று பார்க்கும் வசதி) ஏற்கெனவே ஆனில்தான் இருக்கும். குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வரிசையாக அது பிரிக்கும், ஆனால் காற்றில் போகும் தூரத்துக்கு மட்டும்தான். (அதற்காக அதை அணைத்துவிடாதீர்கள், 802.11என் (வைஃபை 4) வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.) நெரிசல் பெரும்பாலும் வெளியே போகும் அப்லோடு பாதையில். அங்கே வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதிதான் எஸ்க்யூஎம்.

ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருள்) இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. சாஃப்ட்வேர் பக்கத்தில் லூசி-ஆப்-எஸ்க்யூஎம் (luci-app-sqm) தேடி நிறுவுங்கள்.

2. நெட்வொர்க் மெனுவில் எஸ்க்யூஎம்மைத் திறந்து இன்டர்ஃபேஸாக வான் (wan, ரூட்டரில் இணையம் வரும் பக்கம்) கொடுங்கள். பிபிபிஓஇ இணைப்பு (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நுழையும் வகை) என்றால் பிபிபிஓஇ-வான் (pppoe-wan).

3. வேகம். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, எல்லாரும் நெட் பார்க்கும் மாலை நேரத்தில் அளந்து பாருங்கள். நள்ளிரவு அளவு ஏமாற்றும். வந்ததில் 85 சதவீதம் போடுங்கள். பெட்டி கேட்பது கிலோபிட்டில்: 100 எம்பிபிஎஸ் வந்தால் 85000, அப்லோடு 20 என்றால் 17000. வெறும் 85 போட்டால் நெட் செத்தே போகும். 0 போட்டால் அந்தத் திசையில் கட்டுப்பாடே இருக்காது.

காசு கொடுத்த வேகத்தை ஏன் விட வேண்டும்? முழு வேகத்தில் விட்டால் வரிசை மோடத்துக்குள் போய் நிற்கும். அங்கே நம் பேச்சு எடுபடாது. கொஞ்சம் குறைத்தால் வரிசை நம் ரூட்டரிலேயே நிற்கும், யார் முன்னால் போவது என்று நாம் சொல்லலாம். பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஏறாதவரை எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பாருங்கள்.

4. கியூ டிசிப்ளின் (வரிசையை நடத்தும் முறை): கேக் (cake). ஸ்கிரிப்ட்: பீஸ் ஆஃப் கேக். ஆப் வாரியாக விதி எழுதுவது என்னைப் பொறுத்தவரை வீண் வேலை. விட்டுவிட்டு வரும் குரல் பாக்கெட்டுகளை கேக் தானாகவே முன்னால் அனுப்பிவிடும்.

5. ஃபயர்வால் பக்கத்தில் ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் (பாக்கெட்டுகளை சிபியுவைத் தொடாமல் சிப் வழியே குறுக்கே விடும் வசதி) டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையேல் பாக்கெட்டுகள் கேக்கைத் தொடாமலே போகும்.

பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் பாருங்கள். எண் பெரிதாக ஏறக்கூடாது.

பிற்சேர்க்கை: வேகம் பாதியாகிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய ரூட்டரின் சிபியு திணறுவதே பெரும்பாலும் காரணம். கடைசி அறையில் மட்டும் வெட்டினால் எஸ்க்யூஎம் உதவாது, அது சிக்னல் பிரச்சினை. டிவிக்கு வைஃபைக்குப் பதிலாக ரூட்டரிலிருந்து நெட் கேபிள் கொடுங்கள், காற்றில் அந்த அளவுக்கு இடம் மிஞ்சும்.