ஊருக்குள் எரிவாயுக் கிணறு தோண்ட வந்தால் முதலில் என்ன செய்வது

எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் 2017 பிப்ரவரியில் எரிவாயுத் திட்டத்துக்கு எதிரான நெடுவாசல் போராட்டம் தொடங்கியதிலிருந்து, வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: “போராட்டப் பந்தலை எங்கே போடுவது?” பந்தல் அப்புறம். வந்திருக்கும் திட்டம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் ஆட்சேபம் சொல்ல ஒரு கெடு உண்டு. பந்தலில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வயலில் யாராவது கருவியோடு நின்று அளந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். யார் அனுப்பியது, உத்தரவு நகல் எங்கே என்று கேளுங்கள். கேட்பதை ஒருவர் செல்போனில் பதிவு செய்யட்டும். குழாய் பதிப்பு என்றால் 1962ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்கள் (நிலப் பயன்பாட்டு உரிமை) சட்டம். அதன் 3(1) பிரிவில் அரசிதழ் அறிவிக்கை வந்த பிறகுதான் அந்தச் சட்டப்படி அளப்பதற்கு உள்ளே நுழையலாம். அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் அந்தப் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. அதற்குத் தரும் இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதம் தனி. தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இது என்ன கணக்கு என்று நீங்களே பாருங்கள். ஆட்சேபத்தில் வெறுமனே ‘வேண்டாம்’ என்று எழுதாமல், சர்வே எண், கிணறு, மரங்கள், வேறு எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்பது வரை எழுதுங்கள். கொங்குப் பக்க விவசாயிகள் கெயில் குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது அப்படித்தான். நிலக்கரி என்றால் 1957ஆம் ஆண்டின் நிலக்கரி நிலங்கள் கையகப்படுத்தல் சட்டம். அதில் 7ஆம் பிரிவு அறிவிக்கைக்கு ஆட்சேபம் சொல்ல 30 நாள்.

எண்ணெய், எரிவாயுக் கிணறு வேறு மாதிரி. பெரும்பாலும் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருவார்கள், கூடவே உள்ளூர் புரோக்கர் ஒருவர் இருப்பார். “சும்மா சோதனைதான், கொஞ்ச நாளில் மூடிவிடுவோம்” என்பார். நெடுவாசலில் பொதுத்துறை நிறுவனம் பல ஆண்டு முன்பு சோதனை போட்டுக் கண்டுபிடித்ததைத்தான் 2017இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். அதனால் யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தை வாங்கி வந்து சத்தம் போட்டு எல்லோருக்கும் வாசியுங்கள். எத்தனை வருடம், வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கலாமா, போகும்போது மண்ணைப் பழையபடி ஆக்கித் தருவது யார்? இந்த மூன்றுக்கும் அதில் பதில் இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதியை மாற்றி, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். ‘கருத்துக் கேட்க வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம்’ என்று இருந்தால் டிரில்லிங் இயந்திரம்தான் வந்து நிற்கும். உற்பத்திக்குப் போகும்போது கூட்டம் உண்டு, 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரமும் வர வேண்டும். அந்தக் கூட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் தலைவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குக் கோரம், அதாவது இத்தனை பேராவது வர வேண்டும் என்ற கணக்கு, கிடையாது. நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் எழுதுவார்கள். போய்ப் பேசுங்கள், பேசியதை எழுத்திலும் கொடுங்கள், கடைசியில் கூட்டக் குறிப்பை வாசிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.

கிராம சபைக்கு வருவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான நாட்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருந்தாலும் சபை நடக்கும், தீர்மானம் கொண்டுவரலாம். நிறைய தீர்மானங்கள் வீணாவது கோரத்தால்தான். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் பாதிச் சபை நிறைந்துவிடும். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண்கள், அங்கே விளைவது என்ன, ஏன் மறுக்கிறோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். செயலர் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுங்கள், சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுங்கள். தீர்மானம் போட்டாலே திட்டம் நின்றுவிடாது. நீதிமன்றத்திலும் அமைச்சரிடமும் ‘ஊர் சம்மதித்துவிட்டது’ என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்வதுதான் அதன் வேலை.

அதே வாரத்தில் தகவல் உரிமை மனுக்களையும் போட்டுவிடுங்கள். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், மத்திய அரசுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். “திட்டம் பற்றிய முழு விவரம்” என்று கேட்டால் வழவழவென்று ஒரு பதில் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகல், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், குத்தகை எடுத்த சர்வே எண்களின் பட்டியல் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள், அதற்கு மேல் கிடையாது.

பெரும்பாலான ஊர்கள் விட்டுவிடுவது தண்ணீரை. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் வயலுக்குள் குழாய் கசிந்து எண்ணெய் வெளியே வந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பிறகு சொன்னால், “முன்னால் எப்படி இருந்தது?” என்பதுதான் முதல் கேள்வி. எனவே வேலை தொடங்கும் முன்பே, திட்ட இடத்தைச் சுற்றியுள்ள போர்களிலும் (ஆழ்துளைக் கிணறுகளிலும்) ஊர்க் குடிநீரிலும் மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வையுங்கள். உப்பு, குளோரைடு, மொத்தக் கரைதிடம் (டி.டி.எஸ்.) கட்டாயம் இருக்கட்டும். போரின் ஆழம், நீர்மட்டம், தேதி, போட்டோ எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சேருங்கள். அடுத்த கோடையிலும் அடுத்த மழைக்குப் பிறகும் திரும்ப எடுங்கள். பணம் வசூலிப்பதென்றால் பந்தல், மைக்செட்டை விட இதற்குத்தான் முதலில் வசூலிப்பேன்.

பட்டாதாரர்கள் மட்டும் கூடி முடிவெடுக்காதீர்கள். கோயில் நிலத்தில் குத்தகைக்கு உழுபவர், களை பறிக்கப் போகிறவர், பூ கட்டுகிறவர் பெயரெல்லாம் பட்டாவில் இருக்காது. இழப்பீடு பேசும்போது அவர்கள் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். குத்தகைதாரர் பெயர் அடங்கலில் (பயிர்க் கணக்கில்) ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் இப்போதே பாருங்கள்.

போராட்டம் என்று உட்கார்ந்தால் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து ரசீது வாங்குங்கள். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கும் பையன்களை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். வழக்கு வந்தால் போலீஸ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் டைப் அடிக்கலாம், மத்திய அரசின் ஏலப் பட்டியல்களைப் பார்த்துச் சொல்லலாம். 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது வெளியே தெரிந்ததால்தான் கூச்சல் எழுந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சில நாட்களிலேயே அவற்றை நீக்கிவிட்டார்கள்.

புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்துவிட்டதே என்பீர்கள். அது டெல்டா முழுதுக்கும் இல்லை. புதுக்கோட்டையிலும் கடலூரிலும் சில ஒன்றியங்கள் மட்டும்தான், ராமநாதபுரம் கிடையவே கிடையாது. உங்கள் ஒன்றியம் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த கிணறுகளை அது தொடாது.

திட்டத்தைக் கைவிட்டதாக அமைச்சர் மேடையில் சொன்னால் மாலை போடுங்கள், ஆனால் நோட்டை மூடாதீர்கள். ரத்து உத்தரவின் நகலும், குத்தகை எடுத்த நிலத்தைத் திருப்பி ஒப்படைத்த கடிதமும் கைக்கு வர வேண்டும். குத்தகையைப் பத்திரமாகப் பதிவு செய்திருந்தால், ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். அந்தந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, ரத்துப் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.