ரீயூனியனில் வேப் பிடிப்பவர்கள் சென்னைக்கு டிக்கெட் போடும் முன்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து இறங்கும் நம் ஆட்களில், அதிலும் பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வருபவர்களில், பலர் சிகரெட் விலையைப் பார்த்ததும் வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறிவிடுகிறார்கள். ஊரில் பெட்டிக்கடைக்குப் பின்னால் கைமாறும் சாமான், தீவின் தலைநகர் சேன்-தெனியில் கண்ணாடிக் கடையில் ரசீதோடு கிடைக்கிறது. அதனால் அது எங்கும் செல்லும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்போடு லீவுக்குப் பெட்டி கட்டுவதுதான் வம்பு.

இங்குள்ள சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேப்பில் ஊற்றும் நிகோடின் லிக்விடை 10 மில்லிக்கு மிகாத பாட்டிலில் மட்டுமே விற்கலாம். ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது. பயன்படுத்தித் தூக்கி எறியும் பஃப் விற்பனை 2025 பிப்ரவரியோடு முடிந்தது. பஸ்ஸிலும், பலர் சேர்ந்து வேலை செய்யும் மூடிய அலுவலகத்திலும், பள்ளிக்கூடத்திலும் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். பதினெட்டு வயது ஆனவர் கடைக்குப் போனால் வாங்கலாம்.

இனி ஊர்ப் பயணம். இந்தியாவில் 2019இல் வந்த மின்சிகரெட் தடைச் சட்டம் விற்பனையை மட்டும் தடுக்கவில்லை. இறக்குமதி, ஏற்றுமதி, எடுத்துச் செல்லுதல், சேமித்து வைத்தல் எல்லாமே அதில் அடக்கம். ‘என்னுடையதில் நிகோடின் இல்லை, வெறும் மாம்பழ வாசனைதான்’ என்ற பேச்சு எடுபடாது. சட்டத்தின் வரையறையே நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றுதான் சொல்கிறது. புகையிலைக் குச்சியைச் சூடாக்கும் கருவியும் மின்ஹூக்காவும் அதே பட்டியலில் வருகின்றன. இறக்குமதிக்கு முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். மீனம்பாக்கத்தில் பல நேரம் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பிப் போவது உங்கள் துணிச்சல்.

சென்னையைப் பற்றியாவது ஊர்க்காரர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். ஆளைக் கவிழ்ப்பது நடுவில் இருக்கும் மொரீஷியஸ். விமானம் ஏறி முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிற தீவு, அங்கும் கிரியோல் பேச்சு, கோவில், காவடி எல்லாம் இருப்பதால் சட்டமும் நம்முடையதுதான் என்று தோன்றும். அது வேறு நாடு. வேப்பும் அதன் லிக்விடும் அங்கே தடை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் போய் வருபவருக்கும் இதே கதைதான். வேப்பை வைத்துவிட்டுச் சுருட்டிப் பிடிக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு சேதி: சிகரெட் சுருட்டும் பேப்பரையும் மொரீஷியஸுக்குள் கொண்டு போகக் கூடாது. இங்கே புகையிலை விற்கும் தபா கடையில் சில்லறைக்குக் கிடைப்பது, அங்கே சுங்கத்தில் கேள்விக்குரிய பொருள்.

இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு டிக்கெட்டாக வாங்குபவர்கள். மலிவாக இருக்கிறதே என்று ரீயூனியன்–மொரீஷியஸ் ஒரு டிக்கெட், மொரீஷியஸ்–சென்னை வேறொரு டிக்கெட் என்று எடுப்பார்கள். ‘நான் டிரான்சிட் பயணிதானே’ என்று அவர்கள் நினைத்துக்கொண்டாலும் மொரீஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் அவர்கள் டிரான்சிட் இல்லை. குடிவரவு தாண்டி, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து வெளியே வந்து, மறுபடி செக்கின் செய்ய வேண்டும். சுங்கத்துக்கு நீங்கள் மொரீஷியஸுக்குள் சாமான் கொண்டுவரும் ஆள், அடுத்த விமானம் மூன்று மணி நேரத்தில் இருந்தாலும் சரி. டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்; கேட்டால்கூட ‘ஒன்றும் ஆகாது’ என்பார். ஒன்றும் ஆகாதது அவருக்கு.

எந்த வகைப் பயணம் என்பதை ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையக் கவுன்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம். பெட்டியில் ஒட்டும் பட்டையில் பெரிதாக அச்சாகியிருக்கும் மூன்று எழுத்தைப் பாருங்கள். எம்.ஏ.ஏ. என்றிருந்தால் பெட்டி நேராகச் சென்னைக்குப் போகிறது. எம்.ஆர்.யு. என்றிருந்தால் மொரீஷியஸில் நீங்கள்தான் எடுக்க வேண்டும். எது என்றாலும், பையில் வேப் இருந்தால் கவுன்டரை விட்டு நகர்வதற்குள், வழியனுப்ப வந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அதையும் தாண்டி மொரீஷியஸில் இறங்கிய பிறகுதான் நினைவு வருகிறது என்றால், சாமானைச் சுங்கத்தில் அறிவிப்பவர்கள் செல்லும் ரெட் சேனலில் போய் நீங்களே எடுத்துக் கொடுப்பது நல்லது. அறிவிக்க ஒன்றுமில்லை என்பவர்களின் கிரீன் சேனலில் நடந்து, எக்ஸ்ரேயில் அவர்கள் கண்டுபிடித்தால் மறைத்த கணக்காகிவிடும்.

பாங்காக் வழியாகச் சுற்றிப் போகலாமே என்றால் அது இன்னும் மோசம். தாய்லாந்தும் இறக்குமதியைத் தடை செய்த நாடு. சுருக்கமாக, மொரீஷியஸ், சென்னை, பாங்காக் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேப்பை வீட்டு டிராயரில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பாரிஸுக்குப் பறப்பவர்கள் எடுத்துப் போகலாம். அங்கே சட்டச் சிக்கல் இல்லை, விமான விதி மட்டும்தான். வேப்பையும் உதிரி பேட்டரியையும் செக்கின் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். காரணம் எளிது: கேபினில் புகைந்தால் அணைக்க ஆள் உண்டு, சரக்கறையில் இல்லை. விமானத்தில் சார்ஜ் போடவும் கூடாது. தானாக இயங்காதபடி பூட்டுங்கள். பட்டன் உள்ளவற்றில் பெரும்பாலும் ஐந்து தடவை தொடர்ந்து அழுத்தினால் அணைந்துவிடும். இழுத்தாலே இயங்கும் வகையென்றால் லிக்விட் இருக்கும் ‘பாட்’ பகுதியைக் கழற்றித் தனியாக வையுங்கள். வேப்பில் கழற்றி மாட்டும் உருளை வடிவ 18650 பேட்டரி சுமார் 11 வாட்-அவர்தான், 100 வாட்-அவர் வரம்புக்கு வெகு கீழே. ஆனால் அதைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடக் கூடாது. மேல்முனை மட்டும்தான் பாசிட்டிவ், சுற்றியுள்ள உலோக உடல் முழுவதும் நெகட்டிவ். இரண்டையும் பிரிப்பது அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றே. உறை கிழிந்த பேட்டரியைப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். மற்றதை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

கைப்பையில் வைத்தும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரீயூனியன்–மொரீஷியஸ் வழியில் ஓடும் ஏடிஆர் 72 போன்ற சின்ன விமானங்களில் மேல் அறை சிறிது. சக்கரம் வைத்த பையை விமான வாசலிலேயே வாங்கிக் கீழே சரக்கோடு போட்டுவிடுவார்கள். பெரிய விமானத்திலும் இடம் நிறைந்தால் இதேதான். பவர் பேங்க், வேப், உதிரி பேட்டரி மூன்றையும் ஒரே சிறு பையில் போட்டு மேலாக வைத்திருந்தால், கேட்டதும் உருவி எடுத்துக்கொள்ளலாம்.

லிக்விடும் திரவ விதிக்குள் வரும். 10 மில்லி பாட்டில்களை ஒரு லிட்டர் ஒளிபுகும் பையில் மற்றதோடு வையுங்கள். வேப்பில் லிக்விட் நிற்கும் டாங்க்கைக் காலி செய்துவிடுங்கள். கேபின் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்கு இறங்கும். 2 மில்லி டாங்க்கில் பாதி காற்று இருந்தால், அந்த ஒரு மில்லி காற்று ஒன்றே கால் மில்லிக்கும் மேல் விரிந்து, லிக்விடை அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளின் துளை வழியாகத் தள்ளிவிடும். பாஸ்போர்ட் பக்கங்களில் ஸ்ட்ராபெரி வாசனை வருவது இப்படித்தான். கழிப்பறையில் ஒரு இழுப்பு இழுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அங்குள்ள டிடெக்டருக்கு ஆவியும் எட்டும்.

சென்னை லீவு ஒரு மாதம் எப்படித் தாங்குவது என்பவர்கள், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். சீட்டு எழுதி வாங்கினால் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, சூயிங்கம் இரண்டுக்கும் பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் வழியாக 65 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பட்டை வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும், ஆகையால் காலையிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். கம்மை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. நாக்கு சுறுசுறுக்கும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பு காபியோ பழச்சாறோ குடித்தால் நிகோடின் வாய்க்குள் சரியாக ஏறாது. விமானத்தில் காபி வரும் நேரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் கவலையில்லை, 2 மில்லிகிராம் கம் சென்னை மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கும்.