வலைப்பதிவில் எதை எழுதுவது? குழப்பத்திலிருந்து முதல் ஐந்து வரி வரை

வலைப்பதிவைத் தொடங்கி, பெயர் வைத்து, வண்ணமெல்லாம் மாற்றிப் பார்த்த பிறகு பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். கேட்டால் எழுத விஷயமே இல்லை என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பயணம், உடற்பயிற்சி, போட்டோகிராஃபி, குழந்தை வளர்ப்பு என்று வரிசையாக வரும். எல்லாமே துறைகளின் பெயர்கள். ஒரு துறையைப் பற்றி ஒரே பதிவில் எழுத யாராலும் முடியாது. அதனால்தான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. தயக்கத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைத் தாண்ட ஒரு தாள், பேனா, செல்போன், ஒரு மணி நேரம் போதும்.

படி 1: மனதில் இருப்பதைக் கொட்டுங்கள்

செல்போனில் 10 நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். எழுதலாம் என்று தோன்றுகிற எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டே போங்கள். அடித்தல் கூடாது, நிறுத்துதல் கூடாது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதுங்கள், அடுத்தது வரும். அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1970களில் பரவலாக்கிய பயிற்சி இது. எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் ஒன்று மற்றொன்றைத் தடுத்துவிடும், அதனால் இரண்டையும் பிரித்து வையுங்கள் என்பது அவர் சொன்னது.

டைமர் அடித்ததும் வாட்ஸ்அப்பைத் திறங்கள். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய நீளமான செய்திகளைத் தேடுங்கள். யாரோ ஒன்று கேட்டிருப்பார், நீங்கள் பத்து வரியில் விளக்கியிருப்பீர்கள். அது ஏறக்குறைய பாதி எழுதி முடித்த பதிவு. கேட்டவரின் பெயரையும் சொந்த விவரங்களையும் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: தலைப்பை ஒருவரின் கேள்வியாக மாற்றுங்கள்

மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் பரவாயில்லை, இதில் வேண்டாம்.

தாளில் ‘போட்டோகிராஃபி’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எழுதப் போகிறீர்கள்? கேமரா வாங்கியவருக்கா, செல்போனிலேயே எடுப்பவருக்கா? செல்போன்காரர் என்றால், அவர் எங்கே திணறுகிறார்? பகலில் படம் நன்றாக வருகிறது, ராத்திரியில்தான் கெட்டுப்போகிறது. எப்படிக் கெட்டுப்போகிறது? இருட்டாகவா, மங்கலாகவா? இப்படிக் கேட்டுக்கொண்டே இறங்கினால் கடைசியில் இது கிடைக்கும்: ‘இரவில் செல்போனில் எடுக்கும் படம் ஏன் மங்கலாக வருகிறது, என்ன செய்யலாம்?’ இதற்குப் பதில் சொல்லலாம், ஒரே அமர்வில் முடிக்கவும் முடியும்.

போதுமான அளவு குறுக்கிவிட்டோமா என்று பார்க்க எளிய வழி, அந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்பதாக நினைத்துப் பார்ப்பதுதான். ‘போட்டோகிராஃபி பற்றிச் சொல்லு’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘ஏன் என் படம் மட்டும் இப்படிக் கலங்கலாக வருது?’ என்று கேட்பார்கள்.

கேள்வி சட்டென்று தோன்றாவிட்டால் கூகுள் தேடல் பெட்டியில் உங்கள் விஷயத்தோடு ‘எப்படி’, ‘ஏன்’ என்று சேர்த்துத் தட்டுங்கள், தேடலை அழுத்த வேண்டாம். கீழே விரியும் பரிந்துரைகள் பெரும்பாலும் மக்கள் உண்மையில் தேடியவை. தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி ஒரு தடவை பாருங்கள். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வராமலிருக்க மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) நல்லது. ஒரு விஷயம் எப்போது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸையும் பார்க்கலாம். ஆனால் அதில் 100 என்று இருப்பது நூறு பேர் தேடினார்கள் என்பதல்ல, நீங்கள் தேர்ந்த காலத்தில் ஆர்வம் உச்சத்தில் இருந்த புள்ளி என்பதுதான். புதியவர்கள் பலரும் இதைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

‘இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டார்களே’ என்று இந்த இடத்தில் மனசு முரண்டு பிடிக்கும். எழுதியிருப்பார்கள்தான். அந்தக் கேள்விக்குத் தேவை இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

படி 3: ஒன்றை எடுங்கள்

மூன்று கேள்விகள் தயாரானதும் நிறுத்திவிடுங்கள். இருபது சேர்த்தால் மறுபடி குழப்பம்தான். மனிதர்கள் எல்லா வழிகளையும் அலசி ஆகச் சிறந்ததைப் பிடிப்பதில்லை, தேவைக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று ஹெர்பர்ட் சைமன் 1950களில் எழுதினார். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். முதல் பதிவுக்கும் அப்படித் தேவைக்குப் போதுமான ஒரு கேள்வி கிடைத்தால் போதும்.

மேலிருந்து ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள். நான் செய்து பார்த்ததை வைத்தே பதில் சொல்ல முடியுமா? இதைப் படிக்கக்கூடிய ஒருவரையாவது எனக்குத் தெரியுமா? இன்றைக்கே முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று வருகிற முதல் கேள்விதான் உங்கள் பதிவு. கீழே இன்னும் நல்லது இருக்குமோ என்று போகாதீர்கள்.

முதலில் ஒரே துறையை முடிவு செய்துகொண்டுதான் எழுத வேண்டும் என்றும் சிலர் அறிவுரை சொல்வார்கள். வியாபாரத்துக்காக எழுதுபவருக்கு அது சரி. மற்றவர்கள் பத்துப் பதிவு எழுதிய பிறகு திரும்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தானாகத் தெரியும்.

படி 4: தேடுவதற்கு முன் ஐந்து வரி

மற்றவர்களின் பதிவைப் படிப்பதற்கு முன்பே உங்கள் பதிலை ஐந்து வரியில் எழுதிவிடுங்கள். முதலில் படித்துவிட்டால் அவர்கள் வரிசையும் அவர்கள் சொற்களுமே உங்களுக்கும் வரும். நம் உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்:

வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒளியை அதிக நேரம் உள்ளே வாங்குகிறது, அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கும்.
செல்போனைச் சுவரிலோ மேசையிலோ சாய்த்து வைக்கவும்.
3 விநாடி டைமர் போட்டால் பொத்தானைத் தொடும் அசைவும் படத்தில் விழாது.
லென்ஸில் விரல் கறை இருந்தால் விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி படரும், மெல்லிய துணியால் துடைக்கவும்.
ஓடுகிற குழந்தைக்கு முதல் இரண்டு வழியும் உதவாது, வெளிச்சத்தைக் கூட்டினால்தான் உண்டு.

ஒவ்வொரு வரியும் ஒரு பத்தியாக விரியும். அப்புறம் போய் உண்மைகளைச் சரிபாருங்கள். தட்டச்சுதான் தடை என்றால் கூகுள் விசைப்பலகையில் 2017 முதல் தமிழிலேயே பேசி எழுதும் வசதி இருக்கிறது. கேட்டவர் எதிரில் இருப்பதாக நினைத்துப் பேசிவிட்டு, புள்ளியும் காற்புள்ளியும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வரி வரவில்லையா? கேள்வி இன்னும் அகலமாக இருக்கிறது, அல்லது அந்த விஷயம் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இன்னும் ஒரு படி குறுக்கிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் அதை விட்டுவிட்டுத் தாளில் இருக்கும் இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.

எழுதும்போது ‘முக்காலி (ட்ரைபாட்) வாங்கலாமா’, ‘நைட் மோட் எப்போது போடுவது’ என்று கிளை பிரியும். அவற்றைப் பதிவுக்குள் திணிக்காமல் அதே தாளின் அடியில் கேள்விகளாகக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் படி 1-ஐயும் 2-ஐயும் தாண்டி நேராகப் படி 3-இல் உட்காரலாம்.